முன்பள்ளி முற்றத்தில புல்லு திட்டுத்திட்டாத்தான் நிக்குது, மேல விதை தூவலாமோ?

வட்டக்கச்சி மலர் | செப்டம்பர் 6

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறன். கட்டடத்துக்கு முன்னால ஏறக்குறைய 60 அடி நீளம், 30 அடி அகலத்தில ஒரு முற்றம். பிள்ளையள் ஓடி விளையாடுறது அதிலதான். முந்தி அறுகு நல்லா மூடி நிண்டதெண்டு எனக்கு முதல் இருந்த ரீச்சர் சொல்லுவா. இப்ப அங்கங்க திட்டா நிக்குது, மிச்சம் மொட்டை. படலையில இருந்து விறாந்தை வரைக்கும் வாற பாதையில ஒரு புல்லும் இல்லை. மாமரத்துக்குக் கீழ வெறும் புழுதி. நடுவில நிண்டதும் இந்தக் கோடையோட பழுத்துப் போச்சு. பிள்ளையள் விழுந்தா முழங்கால் உரியுது. சோழகக் காத்து அடிக்கேக்க புழுதி வகுப்புக்குள்ள வருது, இழுப்புக்காரப் பிள்ளையள் ரெண்டு பேர் படுற பாடு பாக்கேலாது.

முழுக்கக் கொத்திப் புதுப் புல்லுப் பதிக்க எங்களிட்டக் காசில்லை. நிக்கிற புல்லுக்கு மேலயே விதை தூவி அடர்த்தியாக்கலாம் எண்டு கேள்விப்பட்டன். மழை தொடங்க முதல் செய்யவோ, தொடங்கின பிறகு செய்யவோ? என்ன விதை, எவ்வளவு? மண் செங்கபில மண். மழைக்கு ஒட்டும், வெயிலுக்கு இறுகிப் போம். கிணறு இருக்கு, ஆனா ஆடி ஆவணியில அடியிலதான் தண்ணி.

முத்தையன்கட்டு அப்பு | செப்டம்பர் 6

பிள்ளை, விதைக்குக் காசைக் குடுக்க முதல் ஒரு வேலை செய். பழுத்து நிக்கிற இடத்தில ஒரு அறுகங்கொடியைப் பிடிச்சு இழு. மண்ணுக்குள்ள கிடக்கிற கணுவை நகத்தால கீறிப் பார். உள்ள வெள்ளையா, இறுக்கமா இருந்தா அது சாகேல்லை, தண்ணியில்லாமல் படுத்துக் கிடக்குது. ரெண்டு மழை விழ எழும்பும். கீறேக்க தூளாக் கொட்டினாத்தான் செத்தது. கோடையில அறுகு பழுக்கிறதைப் பாத்துட்டுச் சனம் புல்லுச் செத்துப் போச்செண்டு கொத்தி எறியுது. எங்கட அறுகு அப்பிடிச் சாகிற சாதியில்லை.

இன்னும் ரெண்டு கேள்வி. முற்றத்தை ஆர் கூட்டுறது, எதால கூட்டுறது? இரவில மாடு வருதோ?

ஸ்காபரோ ராசன் | செப்டம்பர் 6

தங்கச்சி, நான் பிறந்தது விசுவமடுவில. இஞ்ச கனடாவில ஒவ்வொரு வருசமும் ஆவணிக் கடைசி, புரட்டாதித் தொடக்கத்தில இதைத்தான் செய்யிறம். புல்லைக் கட்டையா வெட்டி, விறாண்டியால நல்லா விறாண்டி மண் தெரிய வைச்சு, விதையைத் தூவி, மேல மெல்லிசாக் கொம்போஸ்ட் போட்டு, முளைக்கும் வரைக்கும் மேல்மண் காயாமல் தண்ணி தெளிக்கிறது. ரை புல்லு ஒரு கிழமையிலயே பச்சை காட்டும். கென்டக்கி புளூகிராஸ் ஆறுதலா வரும், ஆனா வந்தா அடர்த்தியா மூடும். மார்கழியில ஊருக்கு வாறன். ரெண்டு பையில நல்ல கலவை விதை கொண்டு வரட்டே? காசு வேண்டாம், பிள்ளையளுக்குத்தானே.

போதனாசிரியர் ஓய்வு | செப்டம்பர் 7

ராசன் தம்பி, உங்கட மனசுக்கு நன்றி. ஆனா அந்த விதையைக் கொண்டு வராதேங்கோ, ரெண்டு காரணம். முதலாவது சட்டம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் வெளிநாட்டு விதையை நாட்டுக்குள்ள கொண்டு வரேலாது. பயணப் பையில வைச்சாலும் அதே சட்டம்தான். பாத்தீனியம் எண்ட வெளிநாட்டுக் களையால வன்னி பட்டுக்கொண்டிருக்கிற பாட்டைப் பாத்தவைக்கு அந்தச் சட்டம் ஏனெண்டு விளங்கும்.

இரண்டாவது, நீங்கள் சொன்ன ரை, புளூகிராஸ் ரெண்டும் குளிர்நாட்டுப் புல்லுகள். அதுகளின்ர வேர் நல்லா ஓடுறது மண் குளிர்ந்து கிடக்கேக்க. கிளிநொச்சியில சித்திரைக்குப் பிறகு பகல் வெப்பம் 34, 35 பாகை போகும், இரவும் பெரிசாக் குளிராது. மாரியில முளைச்சுப் பச்சை காட்டினாலும் பங்குனிக்குள்ள வாடிப் போம். அமெரிக்காவின்ர தெற்கு மாநிலங்களில அறுகுக்கு மேல ரை விதைக்கிற வழக்கம் இருக்கு. அங்க பனிக்காலத்தில அறுகு பழுத்து உறங்கும், அந்த நாலைஞ்சு மாசம் பச்சை காட்டத்தான் ரை. எங்கட அறுகு உறங்குறது குளிருக்கில்லை, வறட்சிக்கு. அந்த நேரம் ரை புல்லும் நிக்காது.

மலர் ரீச்சர், அப்பு கேட்ட கேள்வி முக்கியம். புல்லு ஐதாப் போறதுக்குக் காரணம் ஒண்டு இருக்கும். அதைத் திருத்தாமல் விதைச்சா விதையும் அதே வழியிலதான் போகும். ஒரு நீட்டுத் திருப்புளி எடுங்கோ. முற்றத்தில நாலு இடத்தில முதல்நாள் பின்னேரம் ஒவ்வொரு வாளி தண்ணி ஊத்தி ஊற விடுங்கோ. அடுத்தநாள் காலமை அந்த நாலு இடத்திலயும் திருப்புளியைக் கையால அமத்திப் பாருங்கோ, சுத்தியல் வேண்டாம். எவ்வளவு இறங்குதெண்டு எழுதுங்கோ. நாள் முழுக்க எங்க வெயில் விழுது, எங்க விழேல்லை எண்டதையும் பாத்து எழுதுங்கோ.

வட்டக்கச்சி மலர் | செப்டம்பர் 10

ஐயா, அப்பு, சொன்ன மாதிரிப் பாத்தன்.

நடுவில பழுத்த புல்லின்ர கணு உள்ளுக்கு வெள்ளைதான். அங்க திருப்புளி பிடி வரைக்கும் இறங்கிச்சுது. மொட்டையாக் கிடக்கிற ஓரங்களில பாதிதான். பாதையில அரை அங்குலம் போய் நிண்டிட்டுது. ஊத்தின தண்ணியும் அதில ஊறேல்லை, பக்கத்தால வழிஞ்சு ஓடிச்சுது. மாமரத்துக்குக் கீழ லேசா இறங்குது, ஆனா காலமை பத்து மணிக்குப் பிறகு அங்க வெயிலே இல்லை.

கூட்டுறது நாங்கள்தான். காலமை பிள்ளையள் வர முதல் ஈர்க்கு விளக்குமாத்தால முற்றம் முழுக்கக் கூட்டுவம். மாடு வருது அப்பு. படலை ஒரு பக்கம் உடைஞ்சு கிடக்கு, கட்டாக்காலி மாடுகள் இரவில உள்ள படுக்குது.

முத்தையன்கட்டு அப்பு | செப்டம்பர் 10

பாத்தியே பிள்ளை. ஈர்க்கு விளக்குமாறு பிடிச்ச முற்றத்தில புல்லுப் பிடியாது. வெறும் முற்றமெண்டா கூட்டத்தான் வேணும், பாம்பு பூச்சி தெரியும், அது எங்கட ஆக்கள் காலங்காலமாச் செய்யிறது. ஆனா புல்லு வேணுமெண்ட இடத்தில ஒவ்வொரு நாளும் ஈர்க்கு இழுத்தா மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாப் போம், கொடியின்ர வேர் வெளியில வரும், முளைக்கிற குருத்தும் அதோட போம். சருகைக் கையால பொறுக்குங்கோ, இல்லாட்டி விறாண்டியைத் தூக்கிப் பிடிச்சு மேலோட்டமா இழுங்கோ.

படலையை இந்த மாசத்துக்குள்ள கட்டுங்கோ. ஈர மண்ணில மாடு ஒரு இரவு நிண்டாக் காணும், குளம்புக் குழி எல்லாம் வெயிலுக்குக் காய்ஞ்சு அடுத்த மாரி வரைக்கும் அப்பிடியே கிடக்கும்.

மாந்தைகிழக்கு சிவா | செப்டம்பர் 11

நான் வித்தியாசமா ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. எங்கட பக்கம் ஆவணியில குடிதண்ணிக்குப் பவுசர் பாத்துக்கொண்டு சனம் வாளி வைச்சிருக்கு. இப்பிடியான இடத்தில புல்லுத்தரை வளக்கிறது சரியோ? மணல் பரப்பி விட்டாப் பிள்ளையளுக்கு முழங்கால் உரியாதே.

வட்டக்கச்சி மலர் | செப்டம்பர் 11

அண்ணை, ஞாயமான கேள்வி. கோடையில ஒரு வாளி தண்ணியும் புல்லுக்கு ஊத்துற எண்ணம் எனக்கில்லை. மாரித் தண்ணியிலயே பிடிச்சு, கோடையில பழுத்து, பிறகு தானா எழும்புற புல்லுத்தான் எனக்கு வேணும். முற்றம் முழுக்க மணல் பறிக்க ஏத்துக்கூலியோட சேத்து எங்களுக்குக் கட்டாது. மழைக்கு அது வாய்க்காலுக்குப் போயிடும். புழுதியும் நிக்காது.

முறிகண்டி நாற்றுமேடை | செப்டம்பர் 12

ரீச்சர் கேக்கிறதுக்குச் சரியான ஆள் அறுகுதான். கொழும்புப் பக்கம் வீட்டு முற்றத்துக்குப் போடுற மலேசியன் புல்லை எங்களிட்டயும் ஆக்கள் கேட்டு வருவினம். அது அகல இலை, பாக்க வடிவு, நிழலுக்கும் நிக்கும், ஆனா தண்ணி குடிக்கும். சோழகக் காத்துக்கு ஒரு மாசம் தண்ணி இல்லையெண்டாச் சருகாப் போம். நான் விக்கிறவன், எண்டாலும் வெயில் முற்றத்துக்கு அதை வாங்கச் சொல்லமாட்டன்.

இன்னொண்டு. விதையை விடக் கொடி நடுறது உங்களுக்கு நிச்சயம். இந்தப் புரட்டாதியில பெரும்போகத்துக்கு வயல் வரம்பு செதுக்குவினம். செதுக்கி எறியிற அறுகு குவியல் குவியலாக் கிடக்கும், கேட்டாச் சும்மா தருவினம். அதை எடுத்தண்டே நடவேணும். வெயிலில ஒரு மத்தியானம் கிடந்தா வேர் காய்ஞ்சிடும். நனைச்ச சணல் சாக்கில போட்டுக் கட்டிக் கொண்டு வாங்கோ, நிழலில வையுங்கோ.

நடுற விதம் சொல்லுறன். கொடியை ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல் வெட்டுங்கோ. ஒவ்வொரு துண்டிலயும் மூண்டு கணுவாவது இருக்கவேணும். மொட்டை இடத்தில மண்வெட்டி மூலையால ரெண்டு அங்குல ஆழத்துக்குக் கோடு கீறுங்கோ. கோட்டுக்குக் கோடு முக்கால் அடி விட்டாக் காணும். கொடியைச் சரிச்சு வைச்சு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள, நுனியும் இலையும் வெளியில தெரியிற மாதிரி மூடுங்கோ. பிறகு முக்கியமான வேலை, காலால மிதிச்சு இறுக்கவேணும். கணுவுக்கும் மண்ணுக்கும் இடையில வெளி இருந்தா வேர் இறங்காது. நட்ட கையோட தண்ணி விடுங்கோ. மழை பிடிச்சிட்டுதெண்டா அதுக்குப் பிறகு உங்களுக்கு வேலையில்லை. நிக்கிற திட்டுகளில இருந்தும் கொடி ஓடி வரும், நட்டதும் ஓடும், ரெண்டும் தை மாசத்துக்குள்ள கை கோக்கும்.

முத்தையன்கட்டு அப்பு | செப்டம்பர் 12

தம்பி சொன்னது சரி. நான் மூண்டு சொல்லவேணும். இரணைமடு வாய்க்கால் கட்டில அறுகு நல்லாயிருக்கெண்டு அங்க போய்ப் பிடுங்காதேங்கோ. அந்தக் கட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறதே அந்த அறுகுதான், பிடுங்கினா மழைக்குக் கட்டு அரிக்கும். வரம்பில எடுக்கேக்கயும் களைநாசினி அடிச்ச வரம்போ எண்டு கேட்டிட்டு எடுங்கோ. மருந்து பட்ட கொடி பச்சையா வந்து பேந்து மஞ்சளாகி அழுகும்.

மற்றது, கோரைக்கிழங்கு. கொடியோட வாற மண்ணை உதறிப் போட்டு, கறுப்பா உருண்டை உருண்டையாக் கிழங்கு இருக்கோ எண்டு ஒவ்வொரு கைபிடியாப் பாத்து நடுங்கோ. ஒரு கோரைக்கிழங்கு உள்ள போச்செண்டா அந்த முற்றத்தில வருசக்கணக்கா அதோட மல்லுக்கட்ட வேணும். மேல பிடுங்க இலை கையோட வரும், கிழங்கு உள்ள நிண்டு திரும்ப முளைக்கும்.

ஸ்காபரோ ராசன் | செப்டம்பர் 12

ஐயா சொன்னது விளங்குது, விதை கொண்டு வரேல்லை. ஆனா அறுகுக்கே விதை விக்கினமே, பேர்மியூடா எண்டு. கொழும்பில வாங்கேலும் எண்டா நான் காசு போடுறன். கொடியும் நட்டு, விதையும் தூவினா இன்னும் கெதியா மூடாதோ?

போதனாசிரியர் ஓய்வு | செப்டம்பர் 13

மூடும். ஐப்பசியில முதல் மழையோட, கொடி நட்ட இடைவெளியில விதை தூவுறது நல்ல யோசனை. வாங்கேக்க மூண்டு விசயம் பாருங்கோ. விதைப் பையில பொதி செய்த திகதி, முளைதிறன் வீதம் ரெண்டும் இருக்கவேணும். தோல் நீக்கின விதையெண்டா ஒண்டு ரெண்டு கிழமையில முளைக்கும், தோலோட இருக்கிறது இன்னும் சுணங்கும். அதோட, விளையாட்டு மைதானங்களுக்குப் போடுற கலப்பின அறுகு வகைகள் நல்ல விதை கட்டாது, கொடியாலதான் பெருக்குவினம். அதை ஆராவது விதையெண்டு வித்தா வாங்காதேங்கோ.

அளவு: ஐதாக் கிடக்கிற 1000 சதுர அடிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. ரீச்சரின்ர முற்றம் 1800 சதுர அடி. அதில பாதையையும் மாமர நிழலையும் கழிச்சா 1200 சதுர அடிதான் விதைக்கிற இடம். 600 கிராம் காணும். கூடப் போட்டா நல்லதெண்டு நினைக்காதேங்கோ, நெருக்கமா முளைச்சாத் தண்டு மெலிஞ்சு ஒண்டோடொண்டு போட்டி போட்டு விழும்.

அந்த விதை சரியான பொடி. ஒரு கிலோவில நாப்பது லட்சத்துக்குக் கிட்ட இருக்கும். கையால அப்பிடியே எறிஞ்சா ஒரு இடத்தில குவியும், ஒரு இடம் வெறுமையாக் கிடக்கும். காய்ஞ்ச ஆத்துமணலோட பத்துப் பங்குக்குக் கலந்து, ரெண்டு பங்காப் பிரியுங்கோ. ஒரு பங்கை நீளப்பாட்டுக்கும் மற்றதைக் குறுக்குப்பாட்டுக்கும் நடந்து நடந்து தூவுங்கோ. கடல்மணல் வேண்டாம், உப்பு. தூவமுதல் மண்ணை விறாண்டியால கீறி விட்டிருக்கவேணும், தூவின பிறகு விறாண்டியின்ர முதுகால மெல்ல ஒருக்கா இழுங்கோ. கால் அங்குலத்துக்கு மேல மூடினா முளைக்காது. பிறகு ஒரு பலகையை வைச்சு மிதியுங்கோ. வெறும் மண்ணுக்கு மேல உலர்ந்து கிடக்கிற விதையை எறும்பு வரிசையாக் காவிக்கொண்டு போம், இல்லாட்டிப் புறா பொறுக்கும்.

மண் இறுகின இடங்களுக்கு அலவாங்கு. ஒரு மழை விழுந்து மண் ஊறின அடுத்தநாள் அரை அடிக்கு ஒண்டாக் குத்தி, மூண்டு நாலு அங்குலம் இறக்கி, ஒருக்கா ஆட்டி எடுங்கோ. காய்ஞ்ச மண்ணில குத்தினா அலவாங்கு துள்ளும், சேறா இருக்கேக்க குத்தினா ஓட்டையின்ர சுவர் வழுவழுப்பா மூடி இன்னும் இறுகும். நடுத்தரமான ஈரம் வேணும். ஓட்டைக்குள்ள அரிதட்டால அரிச்ச மக்கின எருவும் மணலும் கலந்து கூட்டி விடுங்கோ.

முத்தையன்கட்டு அப்பு | செப்டம்பர் 13

ஐயாவோட ஒரு இடத்தில நான் ஒத்துக்கொள்ளமாட்டன். கொடி ஐப்பசியில சரி. விதை ஐப்பசியில வேண்டாம். கார்த்திகையில எங்கட மழை விழுற விழுகையில அந்தப் பொடி விதை ஒண்டும் முற்றத்தில நிக்காது, அடுத்த காணிக்குப் போகும். புயல் வாறதும் அந்த மாசங்களிலதான். விதையைத் தைப்பொங்கல் கழிச்சுப் போடுங்கோ. மழை அடங்கியிருக்கும், மண் அடி வரைக்கும் ஈரமா இருக்கும், கிணத்தில தண்ணி மேல நிக்கும், வெயிலும் திரும்பியிருக்கும்.

போதனாசிரியர் ஓய்வு | செப்டம்பர் 14

அப்பு, முதல் மழையோட போட்டாக் கார்த்திகைப் பெருமழைக்கு முதல் வேர் பிடிச்சிடும் எண்டதுதான் என்ர கணக்கு. புரட்டாதிக் கடைசியில மழை நேரத்துக்குத் தொடங்கினா அது சரிவரும். ஆனா மழை பிந்தினா, விதைச்ச கையோட பெருமழை வந்து விழும், அதில நீங்கள் சொல்லுறதுதான் நடக்கும். மாரி மப்பில வெயிலும் குறைவு, அறுகுக்கு அது பிடிக்காது. தையில விதைச்சா ஒரு பாரம் இருக்கு. முளைக்கும் வரைக்கும் நாளுக்கு ரெண்டு மூண்டு தரம் பூவாளியால தெளிக்க ஆள் வேணும், பள்ளிக்கூட லீவு நாளிலயும். ரீச்சரிட்ட ஆள் இருந்தாத் தை நல்லது.

முருங்கன் பெடியன் | செப்டம்பர் 15

எங்கட கறுப்புக் களிமண்ணுக்கும் இதே முறைதானோ? கோடையில கை போற அளவுக்கு வெடிப்பு விடும்.

போதனாசிரியர் ஓய்வு | செப்டம்பர் 15

தம்பி, உங்கட மண் தானா விரிஞ்சு சுருங்கி உழுது கொள்ளும், அலவாங்கால குத்துற வேலை தேவையில்லை. உங்களுக்குப் பிரச்சினை மாரியில தண்ணி நிக்கிறது. புல்லு வேணுமெண்ட இடத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஓரத்தில வடிகான் வெட்டிப் போட்டுக் கொடி நடுங்கோ. சேறா இருக்கேக்க அதில ஆரும் நடக்கக் கூடாது. தையில தண்ணி வடிய நடுறது உங்களுக்கு வசதி.

ஒட்டுசுட்டான் அக்கா | செப்டம்பர் 16

இதை வாசிக்கிற ஆக்களில அண்மையில திருப்பித் தந்த காணிக்காரர் இருந்தால் ஒரு விசயம். அலவாங்கோ மண்வெட்டியோ போட முதல் உங்கட காணி கண்ணிவெடி துப்புரவாக்கிக் குடுத்த இடமோ எண்டு கிராம அலுவலரிட்டக் கேட்டு உறுதிப்படுத்துங்கோ. துப்புரவாக்கின இடத்திலயும் துருப்பிடிச்ச இரும்பு, பச்சைப் பிளாஸ்ரிக் மூடி மாதிரி ஏதும் கண்டாத் தொடாமல், அந்த இடத்தில அடையாளம் வைச்சிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கோ. பிள்ளையள் ஓடுற இடம்.

எருவைப் பற்றியும் சொல்லவேணும். பாத்தீனியம் நிண்ட காணியில மேய்ஞ்ச மாட்டின்ர பச்சைச் சாணத்தைக் கொண்டு வந்து போடாதேங்கோ. இந்தியப் படைக்காலத்தில ஆடுகளோட வந்ததெண்டு சொல்லுற அந்தச் செடி ஒண்டே பத்தாயிரத்துக்கு மேல விதை போடும். தோல் கடிக்கும், இழுப்பைக் கிளப்பும். ரீச்சரின்ர பிள்ளையளில ரெண்டு பேருக்கு இழுப்பு எண்டு வாசிச்சதால சொல்லுறன். குவிச்சு மூடிச் சூடேறி, பிரட்டிப் பிரட்டி மக்கின எரு மட்டும் போடுங்கோ. எங்கயாவது பாத்தீனியம் முளைச்சாப் பூக்க முதல் கையுறையோட பிடுங்குங்கோ. நெருஞ்சியும் அப்பிடித்தான், முள்ளுக் காய் வைக்க முதல்.

வட்டக்கச்சி மலர் | நவம்பர் 23

கனகாலம் எழுதேல்லை, மன்னிக்கவேணும். நடந்ததைச் சொல்லுறன்.

பெற்றோர் ஒண்டு கூடிப் படலையைத் திருத்தி, உடைஞ்ச வேலிக்குக் கிளுவைக் கதியால் போட்டுத் தந்தவை. முதல் மழைக்கு அடுத்தநாள் அப்பாமார் அலவாங்கு போட்டவை. ஒரு பிள்ளையின்ர தாத்தா வரம்பு செதுக்கின அறுகை ட்ராக்டரில கொண்டு வந்து பறிச்சார். அம்மாமார் வரிசையா இருந்து கிழங்கு பாத்துப் பாத்து நட்டவை. கோரைக்கிழங்கு ஒரு பேணி நிறைய வந்தது!

கொடி பிடிச்சிட்டுது. மழை விழ விழ ஒவ்வொரு கணுவிலயும் ரெண்டு மூண்டு வெள்ளை வேர் இறங்கியிருக்கிறதைப் பிள்ளையளுக்குக் காட்டினன். பழைய திட்டுகளும் பச்சையாகிட்டுது. ஆனா ரெண்டு இடம் சரியில்லை. கூரைத் தண்ணி விழுற ஓரத்தில நட்டது முழுக்க அரிச்சுக் கொண்டு போயிட்டுது. வேலி மூலைப் பள்ளத்தில தண்ணி நிக்குது, அங்க கொடி மஞ்சள்.

முறிகண்டி நாற்றுமேடை | நவம்பர் 24

சந்தோசம் ரீச்சர். கூரைத் தண்ணி விழுற கோட்டில புல்லை மறந்திடுங்கோ. ஓர் அடி அகலத்துக்குக் கல்லோ உடைஞ்ச ஓடோ பரப்பி விடுங்கோ. பிள்ளையள் மிதிக்கிற இடமெண்டா உடைஞ்ச ஓடு வேண்டாம், உருண்டைக் கல்லாப் போடுங்கோ. பள்ளத்தைத் தையில மண் காய்ஞ்ச பிறகு நிரப்பலாம். இப்பவே நிரப்பினாக் கொடி மூச்சு விடேலாமல் அழுகும். இப்போதைக்கு ஒரு சின்ன வாய்க்கால் கீறித் தண்ணியை வெளிய விடுங்கோ.

உரம் இப்ப போடாதேங்கோ, மழையோட போயிடும்.

ஸ்காபரோ ராசன் | ஜனவரி 4

ஊருக்கு வந்து முற்றத்தைப் பாத்தன். படத்தில பாத்ததை விட வடிவா இருக்கு. விதை கொழும்பில வாங்கி ரீச்சரிட்டக் குடுத்திட்டன், தோல் நீக்கினது, திகதி பாத்துத்தான் வாங்கினது. அப்பு சொன்ன மாதிரிப் பொங்கலுக்குப் பிறகு போடுவினம். கொடி வராத இடம் மாமரத்துக்குக் கீழயும் பாதையும்தான். அங்க விதை போட்டா வருமோ?

போதனாசிரியர் ஓய்வு | ஜனவரி 4

வராது தம்பி. அறுகுக்கு நாளுக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேணும். மாமரத்தின்ர கீழ்க்கொப்புகளைக் கழிச்சா ஓரங்களில கொஞ்சம் உள்ள வரும், அடிமரத்துக்குக் கிட்ட வராது. அந்த இடத்துக்குத்தான் சிவா தம்பி சொன்ன மணல். நிழல், மணல், பிள்ளையள் இருந்து விளையாட அதை விட நல்ல இடமில்லை. பாதைக்குச் சீமெந்துக் கல்லு ரெண்டு அடிக்கு ஒண்டாப் பதியுங்கோ. நாளுக்கு நாப்பது பிள்ளையள் மிதிக்கிற ஒத்தையடியில எந்தப் புல்லும் தாங்காது. கல்லுக்கு இடையில அறுகு தானா வரும்.

வட்டக்கச்சி மலர் | மார்ச் 9

விதை முளைச்சு மூடிட்டுது. முளைச்ச நேரம் மயிர் போல மெல்லிசா இருந்துது, கிட்டக் குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். தெளிக்கிற முறைக்குப் பெற்றோர் நாள் பிரிச்சு எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில பக்கத்து வீட்டு அம்மம்மா. மாமரத்துக்குக் கீழ மணல் போட்டாச்சு.

இப்ப கேள்வி, எப்ப வெட்டுறது? பாம்புக்குப் பயத்தில பெற்றோர் கட்டையா வெட்டச் சொல்லினம். நெல்லு வெட்டின பிறகு புடையன் நடமாட்டமும் கூட. உரம் போடவோ? கோடைக்கு எப்பிடி விடுறது?

போதனாசிரியர் ஓய்வு | மார்ச் 10

மூண்டு அங்குலம் வந்தா ரெண்டு அங்குலத்துக்கு வெட்டுங்கோ. ஒரு வெட்டில மூண்டில ஒரு பங்குக்கு மேல எடுக்காதேங்கோ. ரெண்டு அங்குலப் புல்லில பாம்பு படுத்தாத் தெரியும், அது காணும். பாம்புக்குப் பயமெண்டா வேலியோரம், விறகுக் குவியல், கல்லுக் குவியல் இதுகளைத் துப்புரவாக்குங்கோ, ஒளிக்கிறது அங்கதான். மெசினின்ர தகடு கூரா இருக்கவேணும். மொட்டைத் தகடு இளங்கொடியை வேரோட இழுக்கும்.

உரம்: ரெண்டாம் வெட்டுக்குப் பிறகு 1000 சதுர அடிக்குக் கால் கிலோ யூரியா. இலை காய்ஞ்சிருக்கேக்க தூவி, உடன தண்ணி விட்டுக் கரையுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையள் போன பிறகு போட்டாத் திங்களுக்கு மண்ணுக்குள்ள போயிருக்கும். சித்திரை மழைக்கு ஒருக்கா, அதோட நிப்பாட்டுங்கோ. கோடை தொடங்கேக்க யூரியா போட்டா இலை கூடித் தண்ணி கேக்கும்.

தண்ணியை இப்பவே குறைக்கத் தொடங்குங்கோ. ஒவ்வொரு நாளும் தெளிக்கிறதை விட்டிட்டுக் கிழமைக்கு ரெண்டு தரம் ஊற விடுங்கோ, பிறகு ஒரு தரம், சித்திரை மழையோட நிப்பாட்டலாம். மேல காயக் காய வேர் கீழ போகும்.

முத்தையன்கட்டு அப்பு | மார்ச் 10

கோடைக்கு ஒண்டு சொல்லுறன் பிள்ளை. ஆனியில இருந்து வெட்டுறதை நிப்பாட்டு. புல்லு பழுக்கும், பழுக்கட்டும், ஆரும் வந்து செத்துப் போச்செண்டு சொன்னாக் கேளாதை. ஆனா பழுத்துக் கிடக்கிற புல்லை மிதிச்சாத் திரும்ப வளந்து கொள்ள அதுக்குச் சக்தியில்லை. முற்றத்தை ரெண்டாப் பிரிச்சு நடுவில கயிறு கட்டு. ஒரு கிழமை ஒரு பக்கம் விளையாடட்டும், அடுத்த கிழமை மற்றப் பக்கம். கயிறு சின்னப் பிள்ளையளின்ர கழுத்துக்கு வாற உயரத்தில வேண்டாம், முழங்காலுக்குக் கீழ கட்டி அதில துணித் துண்டு தொங்க விடு, கண்ணுக்குத் தெரியும்.